வாடுகின்ற தோரணம்: வாசகர் கேள்வி–பதில்

தைப்பொங்கல் நெருங்கும் இந்த நாட்களில் வீட்டு அலங்காரம் பற்றியே அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். முதற் கடிதத்துக்குச் சற்று நீண்ட பதில் தேவைப்பட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று வருடங்களாக எங்கள் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் செயற்கைச் செவ்வந்தி மாலையும் தொங்குகின்றன. இம்முறை அவற்றைக் கழற்றிவிட்டுக் குருத்தோலை கட்டலாம் என்றேன். "அது ஒரே நாளில் வாடிவிடும், வீண் வேலை; பார்க்கிறவர்கள் வசதியில்லாமல் செய்ததாக நினைப்பார்கள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் தோரணம் கட்டத் தெரியாது. என்ன செய்யலாம், அம்மா?
– ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி

பதில்: மகள், தோரணம் வாடத்தான் வேண்டும். பொங்கலன்று அதிகாலையில் கட்டிய குருத்தோலை மறுநாள் மாட்டுப்பொங்கலுக்குள் ஓரம் சுருண்டு, மூன்றாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது, பண்டிகை வந்து போனதை வாசலே சொல்லிவிடுகிறது. மூன்று வருடங்களாக ஒரே பச்சையில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலைக்குப் பொங்கலும் தெரியாது, ஆடி அமாவாசையும் தெரியாது. முதல் வாரத்தில் அது அலங்காரமாக இருந்திருக்கும். அதன்பிறகு தூசியும் சிலந்தி வலையும் தங்குகின்ற ஓர் இடமாகிவிட்டது என்பதை நீங்களே ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் அறிவீர்கள்.

வசதியின்மை பற்றிய பேச்சுத்தான் என் மனத்தை வருத்தியது. நம் பகுதியில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கை உங்கள் வீட்டாரும் கண்டிருப்பார்கள். அங்கே அம்மனுக்கு முன்னால் இருப்பவை கமுகம்பூவும் வேப்பிலையும் குருத்தோலையும் வாழையும் நிறைகுடமும்தாம். அம்மன் சந்நிதிக்குப் போதுமானதாக இருப்பது நம் வீட்டு வாசலுக்குக் குறைவானது என்று எப்போது எண்ணத் தொடங்கினோம்? விலை கொடுத்து வாங்கியதுதான் மதிப்பானது என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் வந்தது அண்மைக் காலத்தில்தான். நான் பிறந்து வளர்ந்த குருக்கள்மடத்தில் என் சிறுவயதில், யாருடைய தோரணம் நெருக்கமாகவும் சீராகவும் கட்டப்பட்டிருக்கிறது என்பதையே ஊரார் நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பொங்கலுக்கு முதல்நாள் மாலையில் என் அம்மப்பா ஒரேயொரு குருத்தை மட்டும் வெட்டுவிப்பார். இரண்டாவது குருத்துக் கேட்டு நாங்கள் அழுதாலும் தரமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலை வீதம் வருடத்துக்குப் 12 முதல் 14 ஓலைகளையே விடுகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை வர வேண்டும். ஆகவே ஒரு குருத்தை வெட்டுகிறவர் வரவிருக்கும் ஒரு குலையிலும் கை வைக்கிறார். ஆனால் முழுமையாக வளர்ந்த மரத்தின் ஒரு குருத்தோலையில் இருநூறு இதழ்கள் வரை இருக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அதுவே தாராளமாகப் போதும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு குருத்தைப் பகிர்ந்துகொள்வது மிகவும் நல்லது. இளந் தென்னையில் மட்டும் வெட்ட வேண்டாம். வெட்டுக்காயத்தில் செவ்வண்டு முட்டையிட்டால் மரத்தையே இழக்க நேரிடும். காய்க்கின்ற பெரிய மரத்திலும், கத்தி நடுக்குருத்தின் அடிவரை இறங்காதபடி, மேற்பகுதியை மட்டும் வெட்டத் தெரிந்தவரையே ஏற்றுங்கள்.

வெட்டிய குருத்தை வெயிலில் போடாமல், நனைத்த சாக்கால் சுற்றிக் கிணற்றடி நிழலில் வைத்தால் இரவு முழுவதும் வாடாது. கட்டுவதற்கு நைலோன் கயிற்றைத் தேடாமல் தும்புக்கயிறு எடுங்கள். ஓர் இதழை மடியில் வைத்து, அகன்ற பக்கத்தைக் கயிற்றின் மேலாகப் போட்டு ஒரு சாண் அளவுக்கு மடித்து, மடிப்பின் இரு பக்கத்தையும் சேர்த்து ஓர் ஈர்க்குத் துண்டால் குத்திவிடுங்கள். தையல் இலைக்குக் குத்துவது போலத்தான். பிறகு தொங்கும் பகுதியின் ஓரத்தில், நடு ஈர்க்கை நோக்கிச் சரிவாக, விரலிடை அளவு இடைவெளி விட்டு நான்கைந்து கீறல்கள் போட்டு, ஒவ்வொரு கீறலின் நாக்கையும் பின்னே வளைத்து அடுத்த கீறலுக்குள் செருகினால், காற்றில் ஆடும்போது சடை போலத் தோன்றும். முதல் பத்து கோணலாக வரும்; பதினோராவதில் கை பழகிவிடும். குருவி மடிக்கும் தோரணமே வேண்டும் என்றால், உங்கள் தெருவில் பந்தல் கட்டுகின்ற பெரியவர் ஒருவரை அழைத்து ஒருமுறை மடித்துக் காட்டச் சொல்லுங்கள். சுப காரியத்துக்கான மடிப்பும் துக்க வீட்டுக்கான மடிப்பும் வெவ்வேறு என்பதால், இதைக் கண்ணால் பார்த்துப் பழகுவதே முறை.

குருத்தோலைகளுக்கிடையே செருகுவதற்கு முற்றிய மாவிலையைப் பறியுங்கள். செந்நிறத் தளிர் அழகாக இருக்கும், ஆனால் காலை பத்து மணிக்குள் துவண்டுவிடும். வாசலின் இரு பக்கமும் வாழை கட்டுவதாயின், குலை தள்ளிய வாழையையே கட்டுங்கள். ஒருமுறை குலை ஈன்ற மரம் எப்படியும் அழிந்துபோகும், பக்கக்கன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பண்டிகை முடிந்ததும் பொத்தி வறைக்கும் தண்டு கறிக்கும் ஆகும். மீதியை நறுக்கித் தென்னம் பாத்தியில் போட்டால் வரும் வெயில் காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

உங்களிடம் இருக்கும் பிளாஸ்டிக் மாலையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தயவுசெய்து எரிக்க வேண்டாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் பிள்ளைதான். கழுவிக் காயவைத்து, உள்ளாட்சி சபையின் குப்பை வண்டி பிளாஸ்டிக்கைத் தனியாக எடுக்கும் நாளில் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் இலங்கை அரசு 2023 ஒக்டோபர் 1 முதல் தடைசெய்தபோது, அந்தப் பட்டியலில் இடியப்பத் தட்டுடனும் உறிஞ்சுகுழாயுடனும் பிளாஸ்டிக் பூமாலையும் இருந்தது என்பதை உங்கள் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: பொங்கலன்று மழை பெய்தால் கோலம் கரைந்துபோகிறது. எங்கள் முற்றமும் மணல் முற்றம். கடையில் விற்கும் வர்ணப் பொடிகளும் கை முழுதும் ஒட்டுகின்றன. மாற்று வழி உண்டா?
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: வடகீழ்ப் பருவமழை நம் கரையை விட்டு முற்றாக நீங்காத காலத்தில்தான் தைப்பொங்கல் வருகிறது, ஆகவே மழையையும் கணக்கில் எடுத்தே கோலத்தைத் திட்டமிட வேண்டும். திண்ணையிலும் தாழ்வாரத்துச் சீமெந்துத் தரையிலும் மாக்கோலம் போடுங்கள். பச்சரிசியை இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, தோசை மாவிலும் சற்று நீர்த்தன்மையாக அரைத்து, சிறு துணித்துண்டை அதில் தோய்த்து மூன்று விரல்களுக்கிடையே பிடித்து, மோதிர விரல் வழியே இழைய விட வேண்டும். போடும்போது கோடு மங்கலாகத் தெரிவதைக் கண்டு மனம் தளர வேண்டாம், காய்ந்தபிறகே வெண்மை எடுக்கும். ஒருமுறை நன்கு காய்ந்துவிட்டால் சாரலுக்கு எளிதில் அழியாது.

முற்றத்தில் பொங்கும் இடத்துக்கு மட்டும் நான்கடிச் சதுரத்தைச் சாணத்தால் மெழுகி, மழை விட்ட நேரம் பார்த்து, உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக அரிசிமாவால் கோடு இழுத்துவிடுங்கள். நம்மவர்களின் பொங்கல் கோலத்துக்கு அந்த நேர்கோடுகளே முகம்.

மணல் முற்றத்தை ஒரு குறையாக எண்ணாதீர்கள். மழையில் நனைந்து இறுகிய மணலை, புதிதாகக் கட்டிய ஈர்க்கு விளக்குமாற்றால், பின்னோக்கி நடந்துகொண்டே அரைவட்டம் அரைவட்டமாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் மேல் ஏறி, படலை வரைக்கும் மீன் செதில் விரித்தது போல இருக்கும். ஒரு சதமும் செலவில்லாத இந்த அலங்காரத்தை என் தாயார் பொங்கலன்று விடிய முன்னர் செய்து முடித்துவிடுவார். முதல் காலடி சூரியனுக்குப் படைக்கப் போகிறவருடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக எங்களைத் திண்ணையை விட்டு இறங்கவே விடமாட்டார்.

வர்ணத்துக்குக் குறுநல் அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு பங்கை நனைத்தால் மஞ்சள். அதே நீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு சிறிது சேர்த்தால், ஆலாத்தித் தட்டில் நாம் காணும் அந்தச் சிவப்பு வரும். நீலச் சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு நீலம் தரும். அதில் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும். கறுப்புக்கு உமிக்கரி. மழை நாளில் வெயிலை நம்பாமல், சமைத்து முடித்த அடுப்பின் மிதமான சூட்டில், தட்டில் பரப்பி உலர்த்துங்கள். சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு அரிசியைக் கோழிகளுக்கும் பறவைகளுக்கும் எட்டாதபடி பிறகு கூட்டி அள்ளிவிடுங்கள். ஏனையவற்றை எறும்பும் அணிலும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வாசலில் மின்குமிழ்ச் சரம் தொங்கவிடலாமா, அல்லது சிட்டி விளக்கு மட்டும்தானா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சரம் எரிகிறது என்றால் அதையே இன்னும் பல வருடங்களுக்குப் பயன்படுத்துங்கள், புதிதாக வாங்க வேண்டாம். தேங்காயெண்ணெயும் பழைய வேட்டித் துணியில் திரித்த திரியும் உள்ள வீட்டில், ஏழு சிட்டிகள் வரிசையாக எரிவதே நிறைவாக இருக்கும்.

கேள்வி: நான் அம்பாறை நகரில் அரச விடுதியொன்றில் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வசிக்கிறேன். வளவு இல்லை, தென்னை இல்லை, சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதியில்லை. இங்கே எப்படிப் பொங்கலுக்கு அலங்கரிப்பது?
– அரச உத்தியோகத்தர், அம்பாறை

பதில்: தம்பி, சுவரை விட்டுவிட்டுத் தரையையும் வாசல்நிலையையும் பாருங்கள். நிலையின் இரு மூலைகளிலும் தும்புக்கயிற்றை இறுக்கிக் கட்ட ஆணி வேண்டியதில்லை. கதவுப் பிணைச்சலும் தாழ்ப்பாளும் போதும். பெரும்போக வெள்ளாண்மை விளைகின்ற மாவட்டத்திலேயே இருக்கிறீர்கள். வயல்காரர் ஒருவரிடம் கேட்டு, முற்றிய நெற்கதிர் ஒரு பிடி வாங்கி வந்து, அடியை வாழைநாரால் சுற்றிக் கட்டி, நிலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உழவுக்கு நன்றி சொல்லும் திருநாளுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. வாரக்கணக்கில் வாடாது, எடுக்கும்போது யன்னலுக்கு வெளியே கட்டினால் குருவிகள் கொத்திக்கொள்ளும்.

தரையில் ஒரு பன்பாயை விரித்து, அதன் மேல் பலகை வைத்து, வாழையிலை பரப்பி நிறைகுடம் வையுங்கள். பின்னணிக்கு மின்னும் செயற்கைத் துணி வாங்குவதிலும், உங்கள் மாவட்டத்தின் மருதமுனையில் நெய்த கைத்தறிச் சேலை ஒன்றை இரண்டு கதிரைகளின் முதுகில் விரித்துவிடலாம். பண்டிகை முடிந்ததும் அதை உங்கள் மனைவி உடுத்துவார். பாயும் சேலையும் நெல்லும் அயலூர்க் கைகளால் வந்தவை என்று குழந்தை வளர்ந்து கேட்கும்போது சொல்லவும் ஒரு கதை இருக்கும்.

குளத்துத் தாமரை கிடைத்தால் மொட்டாகவே வாங்குங்கள். வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உட்பக்கம் மடித்துவிட்டால் நடுப்பகல் வரை முகம் காட்டி நிற்கும். குழந்தை தவழுகின்ற வயது என்பதால் ஓர் எச்சரிக்கை: அலரிப்பூவும் மஞ்சள் அலரியும் பூசைக்கு உகந்தவையாயினும், அவற்றின் பூ, இலை, காய் யாவும் நச்சுத்தன்மை உடையவை. தரையில் வைக்கும் தட்டில் அவற்றைச் சேர்க்கவே வேண்டாம். செவ்வரத்தையே போதும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு எங்கள் இளைஞர்கள் சேர்ந்து கோயில் வீதியை அலங்கரிப்பது வழக்கம். சென்ற வருடம் கட்டிய பொலித்தீன் நந்திக்கொடிகள் கிழிந்து இன்னும் மின்கம்பங்களில் தொங்குகின்றன. துணிக்கொடிக்குச் செலவு அதிகம் என்று சிலர் தயங்குகிறார்கள்.
– காரைதீவிலிருந்து ஓர் இளைஞர்

பதில்: தம்பி, அந்தக் கிழிந்த கொடிகளை முதலில் இறக்கிவிட்டே இம்முறை வேலையைத் தொடங்குங்கள். நந்தியின் உருவம் பொறித்த ஒன்று வடிகாணில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதை 2017 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் சமய விழாக்களிலும் தடைசெய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே பள்ளக்காடு என்ற இடத்துக் குப்பைமேட்டில், உணவோடு சேர்த்துப் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கிய யானைகள் இறந்து கிடந்த செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் அங்கே ஏறக்குறைய 20 யானைகள் அவ்வாறு இறந்திருந்தன. உணவு சுற்றிய பைகளும் பொலித்தீனும் வயிற்றை அடைத்துக்கொள்ள, உண்ணவும் நீர் அருந்தவும் முடியாமல் அவை மெலிந்து சாகின்றன. பிள்ளையார் முகத்தை யானை முகமாக வணங்கும் நாம், திருவிழா முடிந்த மறுநாள் எதைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம் என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

செலவு பற்றி: துணிக்கொடிக்கு முதல் வருடம் மட்டுமே கை கடிக்கும். ஒவ்வொரு வீட்டாரும் பழைய வெள்ளை வேட்டி ஒன்று கொடுத்தால் முக்கோணமாக வெட்டி, ஓரம் அடித்து, மஞ்சளில் தோய்த்து எடுக்கலாம். நந்தி உருவத்துக்கு ஓர் அச்சு வெட்டிக்கொண்டால் உங்களுக்குள்ளேயே வரையத் தெரிந்தவர் பதித்துவிடுவார். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும், வருடந்தோறும் ஒருமுறை தோய்க்க வேண்டியிருக்கும். அதையும் ஒரு திருப்பணியாக ஏற்றுக்கொள்ளுங்கள். விழா முடிந்த மூன்றாம் நாள் கொடிகளை இறக்கி, துவைத்து, வேப்பிலையோடு பெட்டியில் கட்டி வைக்கும் பொறுப்பை யாரேனும் இருவரின் பெயரில் இப்போதே எழுதிவிட வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், மின்கம்பத்தில் துணியும் கிழியும். ஒளியூட்டும் எழுத்துகளுக்கு ரெஜிபோம் அட்டை வெட்டுவதையும் விட்டுவிட்டு, பனையோலையிலோ பிரம்புத் தட்டியிலோ எழுத்தமைத்துப் பாருங்கள்; ஒவ்வொரு வருடமும் எடுத்துக் கட்டலாம்.

கேள்வி: இயற்கைப் பொருட்களால் அலங்கரித்தால் நுளம்பு பெருகும் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– செங்கலடி வாசகி

பதில்: அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அவருக்கு நன்றி சொல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு தெளிந்த நீர் சிறிதளவு தேங்கினாலும் அதில் முட்டையிடும். சூடான நம் பகுதியில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அந்த முட்டை பறக்கும் நுளம்பாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பில் டெங்கு தலைதூக்குவது மழையின் பின்விளைவுதான். வாசலில் வரிசையாக வைத்த சிட்டிகளும், பூவைத்த சிரட்டைகளும், வாழைத்தண்டில் விளக்குக்காகக் குடைந்த குழிகளும் ஒரு மழைக்குப் பின் நுளம்புத் தொட்டில்களாகிவிடும்.

ஆகவே பண்டிகை முடிந்த மறுநாளே இவற்றை எடுத்துவிடுங்கள். வாடிய தோரணத்தையும் மாலைகளையும் கயிற்றிலிருந்து உருவி, கயிற்றைச் சுருட்டி அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டு, ஓலையையும் பூவையும் பசளைக் குழியில் இட்டு மேலே ஒரு கை மண் தூவுங்கள். வாவியிலோ கிணற்றிலோ போட வேண்டாம். பூவும் நீரில் அழுகினால் நீர் கெடத்தான் செய்யும். நிறைகுடத்து நீரைத் துளசிக்கு ஊற்றலாம். மிதக்கவிட்ட பூத்தட்டின் நீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றி, மாற்றும்போது தட்டின் உட்புறத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் முட்டைகள் நீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் கழுவி, உள்ளே ஈரம் இல்லாதபடி உலர்த்தி, அடுப்பங்கரைத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு அவையே எடுபடும்.